வாக்கி-டாக்கி: கையில் எடுப்பது முதல் சார்ஜரில் வைப்பது வரை

வாக்கி-டாக்கியைக் கையில் கொடுத்ததும் பலர் முதலில் கேட்பது, "இதன் கதிர்வீச்சு தலைக்குக் கெடுதியா?" என்றுதான். நியாயமான கேள்வி, பதில் கீழே இருக்கிறது. ஆனால் இந்தக் கருவியால் ஆபத்து வரும் வழிகளை வரிசைப்படுத்தினால் கதிர்வீச்சு முதலில் நிற்காது. உதிரி பேட்டரியைச் சாவிக்கொத்தோடு ஒரே பையில் போடுவது, எரிவாயு இருக்கக்கூடிய இடத்துக்குச் சாதாரண செட்டை எடுத்துப்போவது, "தூக்க வேண்டாம்" என்று சொன்னது எதிர்முனையில் "தூக்க" என்று மட்டும் போய்ச் சேர்வது: இந்த மூன்றும் அதற்கு முன்னால் நிற்கும். மூன்றாவதுதான் அதிகம் கவனிக்கப்படாதது. அதனால் இந்தக் கட்டுரையில் பேசும் முறைக்கே பெரிய இடம்.

இங்கே சொல்வதெல்லாம் கையில் பிடித்துப் பேசும் சிறு செட்டுகளுக்கு, அதாவது அரை வாட் முதல் 5 வாட் வரை உள்ளவற்றுக்கு. வண்டியில் பொருத்தும் 25 வாட், 50 வாட் செட்டுகளுக்கு ஆன்டெனாவிலிருந்து விலகி நிற்க வேண்டிய தூரம் வேறு.

கிளம்புவதற்கு முன் இரண்டு நிமிடம்

முதலில் ஆன்டெனா. கடைசிவரை திருகியிருக்கிறதா என்று விரலால் பாருங்கள். விரல் இறுக்கம் போதும், குறடு வேண்டாம். ரப்பர் உறை கிழிந்து உள்ளே இருக்கும் உலோகம் தெரிந்தால் அந்த ஆன்டெனாவை மாற்றிவிடுங்கள். பேசும்போது அந்த உலோகம் தோலில் பட்டால் பட்ட இடம் சுடும்.

அடுத்து பேட்டரி. பூட்டு 'க்ளிக்' என்று விழுந்ததா, அசைத்தால் ஆடுகிறதா என்று பாருங்கள். கேட்கும்போது நன்றாக இருக்கும் செட், பேசப் பட்டனை அழுத்தியதும் அணைந்துபோகிறதா? பெரும்பாலும் காரணம் இங்கேதான். கேட்கும்போது செட் இழுக்கும் மின்னோட்டம் மிகக் குறைவு. 5 வாட்டில் பேசும்போது அது ஒன்றரை ஆம்பியர் அளவுக்குப் போகும். உலோக முனைகளில் அழுக்கோ தளர்ச்சியோ இருந்தால் அந்த நேரத்தில் வோல்டேஜ் சரிந்து செட் படுத்துவிடும். பேட்டரியைக் கழற்றி, செட்டின் முனைகளையும் பேட்டரியின் முனைகளையும் உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்தாலே பாதி நேரம் சரியாகிவிடும். அப்படியும் அணைந்தால் பேட்டரிக்கு வயதாகிவிட்டது.

பிறகு சேனல் எண், ஒலி அளவு, பட்டன். பேசும் பட்டனை, அதாவது பிடிடியை, நாலைந்து முறை அழுத்தி விடுங்கள். அழுத்தினால் சிவப்பு விளக்கு எரிந்து, விட்டதும் அணைய வேண்டும். தூசியோ பிசுபிசுப்போ சேர்ந்து பட்டன் உள்ளேயே சிக்கிக்கொண்டால் என்ன ஆகும் என்பது பின்னால் வருகிறது.

கடைசியாக, இன்னொரு செட்டோடு பேசிப் பாருங்கள். பக்கத்தில் நின்றுகொண்டு வேண்டாம்; பத்து மீட்டராவது தள்ளி நில்லுங்கள். அருகருகே வைத்துப் பேசினால் ஒரு செட்டின் ஒலிபெருக்கி இன்னொன்றின் மைக்குக்குள் போய் ஊளையிடும். அதோடு, அவ்வளவு கிட்டத்திலிருந்து வரும் முழுச் சக்தி, பெறும் செட்டின் முன்பகுதியைத் திணறடிக்கும். சோதனை இரண்டு பக்கமும் நடக்க வேண்டும்: நீங்கள் பேசி அவர் பதில் சொல்ல வேண்டும், அவர் அழைத்து நீங்கள் பதில் சொல்ல வேண்டும். உங்கள் செட்டில் எல்லோர் குரலும் கேட்கிறது என்பதால் உங்கள் குரல் வெளியே போகிறது என்று ஆகிவிடாது. மைக்கின் சிறு துளை அடைத்திருந்தால், கேட்பதில் ஒரு குறையும் தெரியாமல் பேசுவது மட்டும் போய்விடும்.

ஆன்டெனா கைப்பிடி அல்ல

செட்டை ஆன்டெனாவைப் பிடித்துத் தூக்கும் பழக்கத்தை முதல் நாளே விட்டுவிடுங்கள். அடியில் உள்ள இணைப்பு தளரும். பேசும்போது கை அதன்மேல் இருந்தால் வெளியே போக வேண்டிய ஆற்றலில் ஒரு பங்கு கையிலேயே தங்கும், எட்டும் தூரமும் குறையும்.

ஆன்டெனா இல்லாமல் பிடிடியை அழுத்தவே கூடாது. வெளியேற வழியில்லாத ஆற்றல் திரும்பி வந்து கடைசி நிலை டிரான்சிஸ்டரைச் சூடாக்கும். சில செட்டுகளில் பாதுகாப்புச் சுற்று உண்டு, சிலவற்றில் இல்லை. உங்களுடையதில் உண்டா என்று அழுத்திப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டாம்.

ஆன்டெனாவை மாற்றும்போது அலைவரிசை பொருந்த வேண்டும். அலைநீளத்தை மீட்டரில் அறிய 300-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் போதும். 150 மெகாஹெர்ட்ஸில் ஓடும் விஹெச்எஃப் செட்டுக்கு அலைநீளம் 2 மீட்டர், அதில் கால் பங்கு 50 சென்டிமீட்டர். 460 மெகாஹெர்ட்ஸ் யுஹெச்எஃப் செட்டுக்குக் கால் அலை சுமார் 16 சென்டிமீட்டர்தான். குட்டையான ரப்பர் ஆன்டெனாவுக்குள் கம்பி சுருளாக இருப்பதால் வெளித்தோற்றத்தை வைத்து எதற்கு எது என்று சொல்ல முடியாது. அடியில் அச்சிட்ட எண்ணைப் பாருங்கள். திருகும் இணைப்பிலும் ஆண், பெண் என்று இரண்டு வகை உண்டு. பொருந்தாததைக் கட்டாயப்படுத்தித் திருகினால் நடு ஊசி வளையும்.

உடலும் அலையும்

வாக்கி-டாக்கி அனுப்புவது அயனியாக்காத ரேடியோ அலை, அதாவது எக்ஸ்-ரேபோல் அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பிய்த்தெடுக்காதது. நிரூபணமான விளைவு ஒன்று: உடல் அதை உறிஞ்சிச் சிறிது சூடாவது. இதற்கான வரம்பு, ஒரு கிலோ திசு எத்தனை வாட் உறிஞ்சலாம் என்று வகுக்கப்பட்டிருக்கிறது. சர்வதேச வழிகாட்டுதல்படி தலைக்கும் உடற்பகுதிக்கும் பொதுமக்களுக்குக் கிலோவுக்கு 2 வாட். வேலை நிமித்தம் பயன்படுத்தும், பயிற்சி பெற்றவர்களுக்கு 10 வாட். 10 கிராம் திசுவுக்கும் 6 நிமிடத்துக்கும் சராசரியாகப் பார்க்கும் கணக்கு இது. அமெரிக்க வரம்பு 1 கிராம் திசுவில் முறையே 1.6 வாட், 8 வாட்.

இந்த எண்களை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. ஆனால் அந்த இரட்டை வரம்பு கவனிக்கத்தக்கது. 4, 5 வாட் தொழில்முறை செட்டுகள் பல, வேலை நிமித்தம் பயன்படுத்துபவர்களுக்கான வரம்புக்கு மட்டுமே சான்று பெற்றவை. அதாவது, 'இதை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று தெரிந்தவர் பயன்படுத்துவார்' என்று நம்பித் தரப்பட்ட சான்று. குழந்தைக்கு விளையாட்டாகக் கொடுக்கும் பொருள் அல்ல. வீட்டுப் பயன்பாட்டுக்கென்று விற்கும் அரை வாட் செட்டுகள் அதற்குப் போதும்.

பிடிக்கும் விதம் எளிது. செட்டை முகத்துக்கு நேர் எதிரே செங்குத்தாகப் பிடியுங்கள். வாய்க்கும் மைக்குக்கும் நடுவே குறைந்தது 2.5 சென்டிமீட்டர், முடிந்தால் 5. கைப்பேசிபோல் காதோடு ஒட்டிப் பேசாதீர்கள். அப்போது ஆன்டெனா கண்ணுக்கும் நெற்றிப்பொட்டுக்கும் பக்கத்தில் வந்துவிடும். இடுப்பில் மாட்டித் தோளில் மைக் வைத்துப் பேசுவதானால், தயாரிப்பாளர் கொடுத்த கிளிப்பையோ உறையையோ பயன்படுத்துங்கள். செட்டுக்கும் உடலுக்கும் இடையே வேண்டிய இடைவெளியை வைத்துத்தான் அந்தக் கிளிப்பின் தடிமன் சோதிக்கப்பட்டிருக்கிறது. கால்சட்டைப் பையில் திணித்துக்கொண்டு, காதில் செருகிய இயர்பீஸ் மைக்கில் பேசினால் அந்தக் கணக்கு பொய்யாகிவிடும்.

பேசும் நேரம் மொத்த நேரத்தில் பாதியைத் தாண்ட வேண்டாம் என்பது வழக்கமான விதி. ஒழுங்காகப் பேசும் எந்தக் குழுவும் அதன் பக்கத்தில்கூட வராது. பேட்டரி ஆயுளைக் கணக்கிட உற்பத்தியாளர்கள் வைத்திருக்கும் அளவே 5-5-90: நூற்றில் ஐந்து பங்கு பேசுதல், ஐந்து பங்கு கேட்டல், தொண்ணூறு பங்கு சும்மா இருத்தல். கேட்பதால் உடலுக்கு எந்த அலையும் வருவதில்லை.

சக்தியைக் குறைக்கும் வசதி இருந்தால் பக்கத்தில் உள்ளவர்களோடு பேசக் குறைத்தே வையுங்கள். வெட்டவெளியில் சக்தியை நான்கில் ஒன்றாக்கினால் தூரம் பாதியாகத்தான் குறையும். பேட்டரி நீடிக்கும், உடலில் படுவதும் கால் பங்காகும்.

இதயத்தில் பேஸ்மேக்கர் அல்லது டிஃபிப்ரிலேட்டர் பொருத்தியவர்கள் செட்டைச் சட்டைப் பையில் வைக்கக் கூடாது. பொதுவாகச் சொல்லப்படும் இடைவெளி, 3 வாட் வரையுள்ள செட்டுக்கு 15 சென்டிமீட்டர், அதற்கு மேல் 30. கருவி வைத்திருக்கும் பக்கத்துக்கு எதிர்க் கையில் பிடித்துப் பேசுங்கள். துல்லியமான எண்ணை அந்தக் கருவிக்கான கையேட்டிலிருந்தோ மருத்துவரிடமிருந்தோ வாங்கிக்கொள்வதே முறை. செட்டின் ஒலிபெருக்கியில் காந்தமும் இருக்கிறது என்பதை மறந்துவிடுகிறார்கள். அதே காந்தம் திசைகாட்டியின் முள்ளையும் இழுக்கும். மலையேறும்போது ஒரு கையில் செட்டும் மறு கையில் திசைகாட்டியும் ஒட்டிப் பிடித்து வழி பார்ப்பவர் தவறான பக்கம் நடப்பார்.

காது விஷயம் தனி. இயர்பீஸை ஒலி முழுதாக இருக்கும்போது காதில் செருகாதீர்கள். குறைத்து வைத்துச் செருகி, பிறகு ஏற்றுங்கள். சத்தமான இடத்தில் ஒலியை ஏற்றிக்கொண்டே போவதைவிட, காதை மூடும் ஹெட்செட் நல்லது.

பேட்டரி

பெரும்பாலான செட்டுகளில் இருப்பது இரண்டு லித்தியம்-அயன் செல்களைத் தொடராகக் கோத்த 7.4 வோல்ட் பேட்டரி. ஒரு செல்லின் முழு அளவு 4.2 வோல்ட், ஆக, முழுதாக ஏறியதும் 8.4 வோல்ட் காட்டும். பின்பக்கத்தில் உலோக முனைகள் திறந்தபடி இருக்கும். இந்த முனைகள்தான் பிரச்சினை. சாவி, நாணயம், கழுத்துச் சங்கிலி ஏதாவது ஒன்று இரண்டு முனைகளையும் தொட்டால் மின்னோட்டம் குறுக்கே பாய்ந்து, அந்த உலோகம் தோலைச் சுடும் அளவுக்கு நொடிகளில் பழுக்கும். உதிரி பேட்டரிக்குப் பிளாஸ்டிக் உறை போடுங்கள். இல்லையென்றால் முனைகள்மேல் ஒரு துண்டு இன்சுலேஷன் டேப்.

சார்ஜ் ஏற்றுவது 0 முதல் 45 டிகிரி செல்சியஸ் வரையில் மட்டும். உறைநிலைக்குக் கீழே ஏற்றினால் லித்தியம் உலோகமாகச் செல்லுக்குள் படிந்து பின்னாளில் உள்ளேயே குறுக்குத் தொடர்பை உண்டாக்கும். குளிரில் இருந்து வந்த பேட்டரியை அறை வெப்பத்துக்கு வரவிட்டு ஏற்றுங்கள். வெயிலில் நிறுத்திய வண்டியின் முன் பலகையில் செட்டை வைத்துவிட்டுப் போவது மறுபக்கத் தவறு. வண்டியில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: ஏர்பேக் விரியும் இடத்தில், அதன் மூடிமேல், செட்டை வைக்காதீர்கள். மோதலில் அது கல்லைப்போல் முகத்துக்கு வரும்.

ஏற்றும்போது செட்டை அணைத்து வையுங்கள். சார்ஜரில் இருக்கும்போதே எடுக்காமல் குனிந்து பேசாதீர்கள். அந்தப் பேட்டரிக்கு உரிய சார்ஜரே வேண்டும். நிக்கல் பேட்டரிக்கான சார்ஜர் லித்தியத்துக்கு எப்போது நிறுத்துவது என்று அறியாது. ஈரமான பேட்டரியைச் சார்ஜரில் வைக்காதீர்கள்.

மேசைமேல் வைத்தால் ஆடும் பேட்டரி, செட்டில் நுழைய மறுக்கும் பேட்டரி, கழற்ற வழக்கத்தைவிட அழுத்தம் தேவைப்படும் பேட்டரி: இவை உப்பிப்போனவை. அழுத்தித் தட்டையாக்கவோ துளைக்கவோ கூடாது. எரியும் பொருள் எதுவும் அருகில் இல்லாத இடத்தில் வைத்து, மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் ஒப்படையுங்கள். குப்பைத் தொட்டியில் போட்டால் குப்பை வண்டியில் நசுங்கித் தீப்பிடிக்கும்.

பல மாதங்கள் பயன்படுத்தப் போவதில்லை என்றால் பாதி அளவு, 40 முதல் 60 சதவீதம், ஏற்றிக் கழற்றி வையுங்கள். விமானத்தில் உதிரி லித்தியம் பேட்டரி கைப்பையில்தான் போக வேண்டும், முனைகள் மூடியபடி. பொதுவான வரம்பு 100 வாட்-மணி. 7.4 வோல்ட், 1,800 மில்லிஆம்பியர்-மணி பேட்டரி 13.3 வாட்-மணிதான், எனவே அளவுச் சிக்கல் இல்லை. விமானத்துக்குள் செட்டை இயக்க அனுமதி கிடையாது.

எங்கே அணைத்தே வைக்க வேண்டும்

வெடி வைக்கும் இடம். வெடியைக் கிளப்பும் மின்சார டெட்டனேட்டரின் நீண்ட கம்பிகள் ஆன்டெனாபோல் வேலை செய்யும். அருகில் ஒருவர் பிடிடியை அழுத்த, கம்பியில் எழும் மின்னோட்டம் வெடியைக் கிளப்பிவிடலாம். 'இருவழி ரேடியோவை அணைக்கவும்' என்ற பலகையைப் பார்த்தால் ஒலியைக் குறைப்பது போதாது, முழுதாக அணையுங்கள். எவ்வளவு தூரம் என்பதை வெடிக்குப் பொறுப்பானவர் சொல்வார். பேசாமல் வைத்திருந்தாலும் சில டிஜிட்டல் செட்டுகள் இருப்பிடத் தகவலைத் தானாகவே அனுப்பும் என்பதால்தான் அணைக்கச் சொல்வது.

எரிவாயு, பெட்ரோல் ஆவி, மாவுத் தூசி, நிலக்கரித் தூசி சேரும் இடங்களில் சாதாரண செட் கூடாது. 'இன்ட்ரின்ஸிக்கலி சேஃப்' என்று சான்று பெற்ற செட் வேண்டும். அதன் சுற்றில் பழுது வந்தாலும் ஆவியைப் பற்றவைக்கும் அளவு பொறியோ வெப்பமோ எழாதபடி ஆற்றலைக் கட்டுப்படுத்தியிருப்பார்கள். சான்றுச் சீட்டில் வாயுக் குழுவும் வெப்ப வகுப்பும் இருக்கும். டி4 என்றால் மேற்பரப்பு 135 டிகிரியைத் தாண்டாது, டி3 என்றால் 200. உங்கள் இடத்துக்குக் குறிப்பிட்டதோடு இரண்டும் பொருந்த வேண்டும்.

இங்கே பலர் தவறும் இடங்கள் மூன்று. சான்று செட்டுக்கு மட்டுமல்ல, பேட்டரிக்கும் மைக்குக்கும் சேர்த்துத்தான். சான்று பெற்ற செட்டில் மலிவான மாற்றுப் பேட்டரியைப் போட்ட நிமிடமே சான்று செல்லாது. அடுத்து, ஆபத்தான பகுதிக்குள் பேட்டரியை மாற்றுவதோ, சார்ஜ் ஏற்றுவதோ, மைக் இணைப்பைப் பிடுங்கி மாட்டுவதோ கூடாது. பிரியும் முனையில் பொறி வரும். மூன்றாவது, கீழே விழுந்து உறை விரிசல் விட்ட செட்டை வெளியே எடுத்துவிட வேண்டும். பசை போட்டு ஒட்டித் திரும்ப உள்ளே கொண்டுபோகக் கூடாது. சான்றில்லாத கடையில் பழுது பார்த்தாலும் அதே கதைதான்.

மருத்துவமனைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் அணையுங்கள். மருந்து செலுத்தும் பம்ப், சுவாசக் கருவி போன்றவை அருகில் எழும் வலுவான அலையால் தடுமாறக்கூடும். எரிபொருள் நிரப்பும் இடத்திலும் அப்படியே. இடி மின்னலின்போது மலை முகட்டிலோ திறந்த வெளியிலோ நின்று பேசாதீர்கள். அங்கே ஆபத்து செட்டால் அல்ல, நின்ற இடத்தால்.

பேசும் முறை

ஒருவர் பட்டனை அழுத்தியிருக்கும் வரை அந்தச் சேனலில் வேறு யாரும் பேச முடியாது. பேசுபவர் பிறர் சொல்வதைக் கேட்கவும் முடியாது. இருவர் ஒரே நேரத்தில் அழுத்தினால் எஃப்எம் செட்டில் வலுவான சிக்னல் மட்டும் ஒலிக்கும். மற்றவர் பேசியது நடந்ததாகவே யாருக்கும் தெரியாது. அல்லது இரண்டும் மோதிக் கரகரக்கும். ஆகவே முதல் வேலை, அழுத்துவதற்கு முன் இரண்டு மூன்று நொடி கேட்பது.

அழுத்தியதும் பேசாதீர்கள். ஒரு நொடி காத்திருங்கள். மின்சாரத்தைச் சேமிக்க எதிர்முனைச் செட் விட்டுவிட்டுத்தான் விழித்துப் பார்க்கும். சேனலுக்கு டோன், அதாவது தன் குழுவின் குரலை மட்டும் ஒலிக்கவிடும் அடையாள ஒலி, வைத்திருந்தால் அதை அடையாளம் காணவும் கொஞ்சம் நேரம் பிடிக்கும். நடுவே சிக்னலை வாங்கித் திரும்ப அனுப்பும் ரிப்பீட்டர் இருந்தால் அதுவும் எழ வேண்டும். இவையெல்லாம் சேர்ந்து முதல் அசையை விழுங்கும். "திறக்கவும்" என்பதன் முதல் மெய்யை எடுத்துவிட்டால் மிஞ்சுவது "இறக்கவும்". வால்வு அருகில் நிற்பவருக்கும் கிரேன் ஓட்டுபவருக்கும் ஒரே சேனல் என்றால் இதன் பொருள் புரியும்.

முடிவில் அதைவிட மோசம். தமிழில் மறுப்பு சொல்லின் கடைசியில் வருகிறது. "தண்ணீரைத் திறக்க வேண்டாம்" என்று சொல்லி, கடைசிச் சொல் வாயில் இருக்கும்போதே விரலை எடுத்தால் எதிர்முனைக்குப் போவது "தண்ணீரைத் திறக்க". "தூக்காதே" என்பது "தூக்கா" என்று நிற்கும். கேட்பவர் அதைக் கேள்வியாக எடுத்து "ஆமாம், தூக்கலாம்" என்பார். எனவே இரண்டு பழக்கங்கள். பேசி முடித்து அரை நொடி கழித்து விரலை எடுங்கள். தடுக்க வேண்டியிருந்தால் எதிர்மறை வாக்கியம் வேண்டாம், தனிச்சொல் போதும்: "நிறுத்து, நிறுத்து, நிறுத்து." மூன்று முறை. எந்த முறை அறுந்தாலும் மீதி போய்ச் சேரும். "நிறுத்து" என்ற சொல்லை யார் சொன்னாலும், ஏன் என்று கேட்காமல் முதலில் நிறுத்துவது என்று குழுவுக்குள் முன்பே பேசி வைத்துவிடுங்கள்.

எண்களை இலக்கம் இலக்கமாகச் சொல்லுங்கள். இருபது, அறுபது, எழுபது மூன்றும் இரைச்சலில் ஒன்றுபோல ஒலிக்கும். "இரண்டு பூஜ்யம்", "ஆறு பூஜ்யம்", "ஏழு பூஜ்யம்" என்றால் குழப்பம் குறையும். ஏழும் எட்டும் நெருக்கடியில் மாறக்கூடியவை. முக்கியமான எண்ணை இருமுறை சொல்லுங்கள். வலது, இடது இரண்டுக்கும் வேறுபாடு தொடக்கத்தில்தான், அதாவது அறுந்துபோகும் பகுதியில்தான், இருக்கிறது. "சாலைப் பக்கம்", "சுவர்ப் பக்கம்" என்று கண்ணுக்குத் தெரியும் பொருளைச் சொல்வது பாதுகாப்பு.

அழைக்கும்போது யாரை அழைக்கிறீர்களோ அவர் பெயர் முதலில், உங்கள் பெயர் பிறகு. "கேட் இரண்டு, கேட் இரண்டு, இது கண்ட்ரோல். ஓவர்." தன் பெயர் காதில் விழுந்தால்தான் மனிதர் கவனத்தைத் திருப்புவார்; அடுத்து யார் கூப்பிடுகிறார் என்பதை அப்போதுதான் கேட்பார். 'ஓவர்' என்றால் நீங்கள் பேசலாம். 'அவுட்' என்றால் உரையாடல் முடிந்தது. 'ஓவர் அண்ட் அவுட்' என்பது 'பதில் சொல்லுங்கள், சொல்லாதீர்கள்' என்று ஒரே மூச்சில் சொல்வது; சினிமாவோடு விட்டுவிடுங்கள்.

முக்கியமான உத்தரவைக் கேட்டவர் "சரி" என்று சொன்னால் அது பதில் ஆகாது. கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும்.

"கண்ட்ரோலிலிருந்து பம்ப் அறை. மூன்றாம் வால்வை மூடவும். ஓவர்" என்று சொன்னால்கூட யாருக்கு யார் சொல்கிறார் என்பது மயங்குகிறது. இப்படிச் சொல்லுங்கள்: "பம்ப் அறை, இது கண்ட்ரோல். வால்வு மூன்று, மூடவும். ஓவர்." பதில்: "கண்ட்ரோல், வால்வு மூன்று மூடுகிறேன். ஓவர்." வேலை முடிந்ததும் இன்னொரு அழைப்பு: "வால்வு மூன்று மூடியாயிற்று." மூடுகிறேன், மூடியாயிற்று இரண்டும் வேறு. நடுவில் இருக்கும் நேரத்தில்தான் யாராவது கையை உள்ளே விடுவார்கள்.

பாரம் தூக்கும் வேலையில் தனிச் சேனல் கட்டாயம். சமையலறைச் சரக்கு எங்கே என்ற கேள்வி அந்தச் சேனலில் வரக் கூடாது. ஓட்டுநருக்குக் கை படாமல் கேட்கும் ஏற்பாடு வேண்டும். சைகை சொல்பவர் ஒருவர் மட்டுமே பேச வேண்டும். இறக்கும்போது "இறக்கு" என்று ஒருமுறை சொல்லிவிட்டுச் சும்மா இருக்கக் கூடாது, பாரம் நகர்ந்துகொண்டிருக்கும் நேரம் முழுதும் "இறக்கு... இறக்கு... இறக்கு... இரண்டு மீட்டர்... ஒரு மீட்டர்... நிறுத்து" என்று குரல் தொடர வேண்டும். குரல் நின்றால் ஓட்டுநர் நிறுத்திவிட வேண்டும். பேட்டரி செத்தாலும் சிக்னல் அறுந்தாலும் பாரம் அந்தரத்தில் நிற்கும், யார் தலையிலும் இறங்காது.

பட்டன் சிக்கிக்கொண்ட கதை இங்கே வருகிறது. இருக்கையில் அழுந்தியோ பையில் நெருங்கியோ ஒரு செட்டின் பிடிடி அழுந்தியே இருந்தால் சேனல் முழுதும் முடங்கும். அந்த நேரத்தில் அவசரம் என்றாலும் யாராலும் பேச முடியாது. இதற்குத்தான் டைம்-அவுட் என்ற அமைப்பு. 60 நொடியில் தானாகத் துண்டிக்கும்படி எல்லாச் செட்டிலும் வையுங்கள். மாற்றுச் சேனல் எது என்பதையும் முன்பே எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். குரலைக் கேட்டுத் தானே இயங்கும் வாக்ஸ் வசதியும் இதே தொல்லையைத் தரும்: இருமலும் இயந்திரச் சத்தமும் அதற்குக் குரல்தான்.

யாரும் கேட்கவில்லை என்று எண்ணிப் பேசாதீர்கள். பெட்டியில் 'தனியுரிமைக் குறியீடு' என்று அச்சிட்டிருக்கும் டோன், 67 முதல் 250 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒரு தாழ்ந்த ஒலி. அது பிறர் குரல் உங்கள் காதில் விழாமல் மறைக்கும், உங்கள் குரலைப் பிறரிடமிருந்து மறைக்காது. இன்னொரு பக்கவிளைவு: அடுத்த குழு பேசிக்கொண்டிருப்பது கேட்காததால் சேனல் காலி என்று நினைத்து அதன்மேல் ஏறிப் பேசுவீர்கள். டோன் தடுப்பை நீக்கி எல்லாவற்றையும் கேட்கவைக்கும் மானிட்டர் பட்டனை ஒரு நொடி அழுத்திக் கேட்டால் உண்மை தெரியும்.

எவ்வளவு தூரம் நம்பலாம்

பெட்டியில் அச்சிட்ட தூரம் மலை உச்சிக்கு மலை உச்சி. தரையில் நிற்பவருக்கு ரேடியோ அடிவானம், அதாவது பூமியின் வளைவு மறைக்கும் வரை அலை எட்டும் தூரம், ஆன்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால் கிலோமீட்டரில் வரும். ஒன்றரை மீட்டர் உயரத்தில் பிடித்த இரண்டு செட்டுகளுக்கு இது மொத்தம் சுமார் 10 கிலோமீட்டர். அதுவும் நடுவே மரம், கட்டடம், மேடு ஒன்றுமே இல்லாத சமதளத்தில். நகரத்துக்குள் ஓரிரு கிலோமீட்டர் கிடைத்தாலே நல்லது. ஒருவர் உயிரோ பாதுகாப்போ இந்தத் தொடர்பைச் சார்ந்திருந்தால் அந்த இடத்திலேயே நடந்து பார்த்துச் சோதியுங்கள்: லிஃப்ட், அடித்தளம், தொட்டிக்குள், குளிர் அறை. சிக்னல் எட்டாத இடங்களைக் குறித்து வையுங்கள். கட்டடங்களுக்குள் யுஹெச்எஃப் நன்றாக நுழையும். திறந்தவெளிக்கும் காட்டுக்கும் விஹெச்எஃப். சிக்னல் விட்டுவிட்டு வந்தால் இரண்டு எட்டு நகர்ந்து பேசிப் பாருங்கள். எதிரொலித்து வரும் அலைகள் ஒன்றையொன்று அழிக்கும் புள்ளியில் நீங்கள் நின்றிருக்கலாம்.

சேனலும் சட்டமும்

எந்த அலைவரிசையில் உரிமம் இன்றிப் பேசலாம் என்பது நாட்டுக்கு நாடு மாறும். ஐரோப்பாவில் 446 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் அரை வாட் வரை; அமெரிக்காவில் 462, 467 மெகாஹெர்ட்ஸ் குடும்பச் சேனல்களில் சேனலைப் பொறுத்து 2 வாட் அல்லது அரை வாட். ஓரிடத்தில் வாங்கிய செட் இன்னோரிடத்தில் சட்டவிரோதமாகலாம், எல்லை தாண்டும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். 136 முதல் 174, 400 முதல் 520 என்று எதையும் புரோகிராம் செய்யக்கூடிய மலிவு செட்டில் காவல்துறை, தீயணைப்பு, கடல்சார் அலைவரிசைகளும் அடங்கிவிடும். தவறிப் பட்டனை அழுத்தினால் யாரோ ஒருவரின் உயிர்காக்கும் அழைப்பின்மேல் ஏறுவீர்கள். தேவையில்லாத சேனல்களை அழித்துவிட்டு விசைப்பலகையைப் பூட்டிக் கொடுங்கள்.

அவசரம் என்றால்

உயிருக்கு ஆபத்து என்றால் "மேடே, மேடே, மேடே". ஆபத்து உண்டு ஆனால் உயிருக்கு உடனடியாக இல்லை என்றால் "பான் பான்" மூன்று முறை. கடலில் இதற்குச் சேனல் 16, அதாவது 156.8 மெகாஹெர்ட்ஸ், சேனல் 70 டிஜிட்டல் அழைப்புக்கு மட்டும், அதில் குரல் கொடுக்கக் கூடாது. வேலையிடத்தில் என்றால் உங்கள் குழு ஒத்துக்கொண்ட சொல். அழைப்பு விடுத்ததும் வரிசை இது: நீங்கள் யார், எங்கே, என்ன நடந்தது, எத்தனை பேர், என்ன உதவி. இடத்தை இரண்டாவதாகவே சொல்லுங்கள். பாதியில் பேட்டரி போனாலும் எங்கே வர வேண்டும் என்பதாவது போய்ச் சேர்ந்திருக்கும்.

அவசர அழைப்பைக் கேட்டவர்கள் வாயை மூடிக்கொள்ள வேண்டும். ஆளுக்கு ஆள் "என்ன ஆச்சு?" என்று அழுத்தினால் அடிபட்டவர் குரல் அடியில் போய்விடும். பதில் சொல்ல வேண்டியவர் ஒருவர். அவர் யார் என்பதும் முன்கூட்டியே முடிவாகியிருக்க வேண்டும்.

தனியாக வேலை செய்பவருக்கு நேர இடைவெளி வையுங்கள்: முப்பது நிமிடத்துக்கு ஒருமுறை அவர் அழைப்பார் என்று வைத்தால், அழைக்காதபோது எத்தனை நிமிடம் பொறுப்பது, பிறகு யார் தேடிப் போவது என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். ஆரஞ்சு நிற அவசரப் பட்டன் உள்ள செட்டானால் அது புரோகிராம் செய்யப்பட்டிருக்கிறதா என்று அழுத்திப் பாருங்கள், கண்ட்ரோலுக்கு முன்பே சொல்லிவிட்டு. பட்டன் இருக்கும், பின்னால் ஒன்றும் இணைந்திருக்காது என்ற நிலை அடிக்கடி காண்பதுதான்.

நனைந்தால், வேலை முடிந்தால்

ஐபி 67 என்றால் ஒரு மீட்டர் ஆழ நீரில் 30 நிமிடம் தாங்கும் என்று பொருள். சுத்தமான நீரில், எல்லா மூடிகளும் மூடியபடி, புதிதாக இருக்கும்போது. பக்கவாட்டு மைக் துளையின் ரப்பர் மூடி தொலைந்த செட்டுக்கு அந்த எண் பொருந்தாது. உப்புநீர் பட்டால் நல்ல நீரில் அலசித் துடைக்க வேண்டும். இல்லையென்றால் முனைகள் பச்சை பிடிக்கும். நனைந்த செட்டின் குரல் மூடிக்கொண்டு கேட்டால் ஒலிபெருக்கித் துளையில் நீர் நிற்கிறது. முகப்பைக் கீழ்நோக்கிப் பிடித்து உதறுங்கள். ஊசியால் குத்தினால் உள்ளே இருக்கும் நீர்த்தடுப்புப் படலம் கிழியும். உள்ளே நீர் போனது என்ற சந்தேகம் இருந்தால் அணைத்து, பேட்டரியைக் கழற்றி, காற்றோட்டத்தில் இரண்டு நாள் வையுங்கள். வேலை செய்கிறதா என்று நடுநடுவே போட்டுப் பார்ப்பதுதான் சுற்றை எரிப்பது.

வேலை முடிந்து ஒப்படைக்கும்போது அணையுங்கள், வியர்வையும் தூசியும் துடையுங்கள். ஆல்கஹால் கலந்த கரைப்பான்களில் சில, பிளாஸ்டிக்கை விரிசல் விடச் செய்யும். சோப்பு நீரில் நனைத்துப் பிழிந்த துணி போதும். இயர்பீஸின் காது முனை ஆளுக்கு ஒன்று தனியாக இருக்க வேண்டும். பிறகு சார்ஜரில் வைத்து, விளக்கு சிவப்பாக மாறுகிறதா என்று பார்த்துவிட்டு நகருங்கள். சிமிட்டினால் முனைகள் சரியாகப் படவில்லை அல்லது பேட்டரி பழுது. எடுத்துத் துடைத்துத் திரும்ப வையுங்கள். அப்போதும் சிமிட்டினால் அந்தப் பேட்டரியில் ஒரு துண்டு டேப் ஒட்டித் தேதி எழுதித் தனியே வையுங்கள், காலை முறைக்கு வருபவர் அதை எடுத்துக்கொண்டு போகாதபடி.